பிரான்சில் பிள்ளைகளைக் கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்ப்பது எப்படி? கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்தால் போதுமா?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: பிரான்சுக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது, பிள்ளைகளுக்கு 6 வயதும் 9 வயதும், பள்ளியில் சாமி என்ற பேச்சே கிடையாது, நாம் ஊரில் வளர்ந்த மாதிரி இங்கே வளர்க்க முடியுமா, பணம் கட்டிக் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா.

நான் புதுச்சேரிக்காரன். பாரீசுக்கு வடக்கே ஒரு புறநகரில் 19 வருஷமாக இருக்கிறேன். மகளுக்கு 16, மகனுக்கு 11. ஊரில் வளர்ந்த மாதிரி முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியும் என்று நினைத்துக்கொண்டு நான் ஏழெட்டு வருஷம் வீணாக்கினேன்.

எனக்கு யாரும் விசுவாசத்தைச் சொல்லித்தரவில்லை, அது தெருவிலேயே கிடந்தது. சம்பா கோயில் மணி அடித்தால் அம்மா எழுப்பிவிடுவார், அரைத் தூக்கத்தில் பூசை. வில்லியனூர் மாதா திருவிழா வந்தால் சொந்தக்காரர்கள் எல்லாம் வீட்டில் படுத்திருப்பார்கள், குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து சுண்டல் தின்றதுதான் என்னுடைய பக்தி. பக்கத்து வீட்டு இந்துப் பையனும் எங்களோடு வந்து மெழுகுவத்தி ஏற்றுவான். சாமி உண்டா என்று என் வகுப்பில் ஒருத்தனும் கேட்டதில்லை, எந்தச் சாமி என்பதுதான் அங்கே பேச்சு. இங்கே என் மகளிடம் 12 வயதில் பள்ளிக் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் ஒரு தோழி கேட்டது, "உங்க வீட்ல நிஜமாவே இதையெல்லாம் நம்புறீங்களா?" கிண்டல் இல்லை, அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே ஆச்சரியம். மகள் பதில் சொல்லவில்லை. கழுத்துச் செயினைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள். அன்று ராத்திரி அதை என்னிடம் சொன்னபோது நான் என்ன செய்தேன் தெரியுமா, "சாமியை மறைச்சியா?" என்று சத்தம் போட்டேன். அவள் என்னிடம் கேட்க வந்தது, அந்தத் தோழிக்கு என்ன பதில் சொல்வது என்று. என்னிடமும் பதில் இல்லாததால்தான் கோபம் வந்தது என்பது எனக்குப் புரிய நாளானது.

செயின் என்றதும் ஒன்று. நம்மவர்களில் பலர் பள்ளிக்குச் சிலுவையே போடக் கூடாது என்று நினைத்துக் கழற்றி வைத்து அனுப்புகிறார்கள். 2004 மார்ச் 15 சட்டம் அரசுப் பள்ளியில் தடை செய்வது, மதத்தை எடுப்பாகக் காட்டும் அடையாளங்களை. பெரிய சிலுவை கூடாது, சின்னச் சிலுவை தொங்கும் செயினுக்குத் தடை இல்லை. 'லயிசித்தே', அதாவது மதச்சார்பின்மை, என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு எதிராக யாரோ கத்தி தீட்டுகிறார்கள் என்று பயப்படத் தேவையில்லை. 1905இல் அரசையும் திருச்சபையையும் பிரித்தார்கள், அவ்வளவுதான். அதே அரசு இன்றைக்கும் இயேசுவின் விண்ணேற்றம், ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்பு, நவம்பர் 1 சகல புனிதர் திருநாள் எல்லாவற்றுக்கும் விடுமுறை விடுகிறது. இலையுதிர்கால லீவுக்கே 'துசான்' என்றுதான் பெயர், அதற்குச் சகல புனிதர்கள் என்று அர்த்தம் என்பது என் மகன் வகுப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமையானால் பள்ளிக் கான்டீனில் மீன். ஏன் மீன் என்று கேட்டால் சமைக்கிறவருக்கே தெரிகிறதோ என்னவோ. வேடிக்கை என்னவென்றால் பெரிய வெள்ளிக்கு மட்டும் லீவு கிடையாது (அல்சாஸ், மோசல் பக்கம் தவிர, அது 1905இல் ஜெர்மனியிடம் இருந்ததால் இந்தச் சட்டமே அங்கே வரவில்லை). இந்துக்கள் பெரும்பான்மையாக இருக்கும் நம் நாட்டில் பெரிய வெள்ளி அரசு விடுமுறை, நோத்ர்தாம் நிற்கிற ஊரில் அன்றைக்குக் கணக்குப் பரீட்சை!

அதனால் நான் பிள்ளைகளிடம் இதை ஒரு விளையாட்டு மாதிரி ஆக்கினேன். ஓடு மட்டும் கிடக்கிறது, உள்ளே என்ன இருந்தது என்று கண்டுபிடி. ஏன் ஜனவரியில் கலெத் என்ற கேக்கை வெட்டுகிறோம், அதற்குள் பொம்மை ஏன், மூன்று அரசர்கள் யார். பிப்ரவரி 2ஆம் தேதி எல்லோரும் தோசை மாதிரி கிரெப் சுடுகிறார்களே, அது குழந்தை இயேசுவைக் கோயிலில் காணிக்கையாகக் கொடுத்த திருநாள் என்று யாருக்குத் தெரியும். மகன் இதைப் பள்ளியில் போய்ச் சொல்லி டீச்சரிடம் பாராட்டு வாங்கிவிட்டு வந்தான். மதப் பிரச்சாரம் என்று யாரும் சண்டைக்கு வரவில்லை, வரலாறாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

சரி, கத்தோலிக்கப் பள்ளி. பெரும்பாலானவை 1959 தெப்ரே சட்டப்படி அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டவை. ஆசிரியருக்குச் சம்பளம் அரசு தருகிறது, பாடத்திட்டம் அரசுடையது, எந்த மதத்துப் பிள்ளையையும் மதத்தைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது, மறைக்கல்வியைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. பெயரில் ஒரு புனிதர் இருப்பார், வாசலில் மாதா இருப்பார், வகுப்பில் பாதிப் பேர் ஒழுக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் வந்தவர்களாக இருப்பார்கள். தப்பில்லை, நல்ல பள்ளிகள்தான். என் மைத்துனர் பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் படித்தார்கள், இரண்டு பேரும் இப்போது கோயில் பக்கம் வருவதில்லை. எங்கள் பிள்ளைகள் அரசுப் பள்ளி. அவர்கள் மட்டும் என்னமோ புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்குப் பணம் கட்டியதும் நம் வேலை முடிந்தது என்ற எண்ணம் வந்துவிடுகிறது பாருங்கள், அதுதான் ஆபத்து.

அரசு நமக்குக் கொடுத்திருக்கும் ஒன்றை நாம் கண்டுகொள்வதே இல்லை. 1882இல் கல்வி அமைச்சர் ஜூல் ஃபெரி அரசுப் பள்ளியிலிருந்து மதபோதனையை வெளியே எடுத்தபோது, பெற்றோர் விரும்பினால் வெளியே போய்ப் படிக்க ஞாயிறு தவிர வாரத்தில் ஒரு நாள் விட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அது வியாழனாக இருந்து 1972இல் புதனுக்கு மாறியது. இன்றைக்குப் பெரும்பாலான ஊர்களில் ஆரம்பப் பள்ளிக்குப் புதன்கிழமை லீவு. அந்த நாளை நாம் நீச்சலுக்கும் பரதத்துக்கும் கொடுத்துவிட்டு, "இங்க சாமி காரியத்துக்கு நேரமே இல்லீங்க" என்று பங்குச் சாமியாரிடமே சொல்கிறோம். நானும் சொன்னவன்தான்.

பங்கில் நடக்கும் மறைக்கல்வியில் என் மகனோடு மொத்தம் ஒன்பது பிள்ளைகள். போர்த்துகீசியர் இருவர், கேமரூன்காரர் மூவர், கரீபியனில் உள்ள அந்தீய் தீவுகளிலிருந்து ஒருத்தி, பிரெஞ்சுக்காரர் இருவர், நம்ம ஆள் ஒருவன். சொல்லித்தருவது ஓய்வுபெற்ற ஒரு பாட்டியம்மா. ஆரம்பத்தில் நாங்கள் மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கு மட்டும் கூட்டிப்போய்க்கொண்டிருந்தோம், அது போதும் என்று நினைத்து. தமிழ்ப் பூசை வேண்டும், விடாதீர்கள், அங்கே பாட்டும் பிரியாணியும் சொந்தமும் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு அது அப்பா அம்மா ஊர்ச் சாமி ஆகிவிடுகிறது, தீபாவளிப் பலகாரம் மாதிரி. இந்த ஊர்ப் பிள்ளையும் முழங்கால் போடுகிறது என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும். அவன் கேள்வி பிரெஞ்சில் வருகிறது, பதிலும் பிரெஞ்சில் கிடைக்க வேண்டும். எனக்கோ 'அருள்' என்பதைப் பிரெஞ்சில் விளக்கச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

ஜெபமாலைக் கதையையும் சொல்கிறேன். என் அம்மா இன்னும் பழைய ஜெபம்தான் சொல்வார், "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று. அந்த ஓசை எனக்கு உயிர். அதனால் அதையே பிள்ளைகளுக்கும் மனப்பாடம் பண்ணவைத்து, தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஐம்பத்து மூன்று மணி முழுசாக உருட்டவைத்தேன். மகன் மூன்றாவது பத்து மணியில் தூங்கிவிடுவான், தட்டி எழுப்புவேன். ஒருநாள் மகள் கேட்டாள், "அப்பா, பிரியதத்தம்னா என்ன?" எனக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷமாகச் சொல்கிறேன், தெரியவில்லை. அகராதி பார்த்து, அருள் என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று மறுநாள் சொன்னேன். அதற்கப்புறம் ஒரே ஒரு பத்து மணி என்று குறைத்தோம். ஆளுக்கு ஒரு கருத்து சொல்ல வேண்டும், யாருக்காக, எதற்காக என்று. முதல் நாள் மகன் சொன்ன கருத்து, "நாளைக்கு டீச்சருங்க ஸ்ட்ரைக் பண்ணணும்." என் மனைவி சிரித்துச் சிரித்து மணியையே எண்ணவில்லை. ஆனால் பாருங்கள், மூன்றாவது வாரம் அவனே தன் வகுப்பில் யாரும் கூடச் சேராத ஒரு பையன் பெயரைச் சொன்னான். அப்படி ஒரு பையன் இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

இன்னொன்று கடினமானது, நம் சங்கங்களில் யாரும் பேசுவதில்லை. 2021 அக்டோபரில் சோவே ஆணையத்தின் அறிக்கை வந்தது. 1950இலிருந்து குருக்களாலும் துறவியராலும் பாலியல் கொடுமைக்கு ஆளான சிறார்கள் சுமார் 2,16,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். ஆணையத்தை அமைக்கச் சொன்னதே ஆயர்களும் துறவறச் சபைகளும்தான். இது உங்கள் பிள்ளை காதுக்கு வரும், நம் வாயால் வராவிட்டால் பள்ளி முற்றத்தில் வரும். என் மகள் சாப்பாட்டு மேசையில் கேட்டாள், "தம்பியைப் பீடத்துக்கு அனுப்புறீங்களே, பயமில்லையா?" ஊரில் இருந்தால் "சாமியாரைப் பத்தி அப்படிப் பேசாதே, பாவம்" என்று வாயை அடைத்திருப்பார்கள். நான் எண்ணிக்கையைச் சொன்னேன், நடந்தது உண்மை என்றேன், மறைத்தவர்கள் செய்தது பெரும் பாவம் என்றேன். மகனிடம் தனியாகச் சொன்னது: எந்தப் பெரியவரோடும், அது சாமியாராக இருந்தாலும் மாமாவாக இருந்தாலும், மூடிய கதவுக்குள் தனியாக இருக்க வேண்டாம், யாராவது ரகசியம் என்றால் அன்றைக்கே என்னிடம் வா, அங்கே கீழ்ப்படியாமல் இருப்பது பாவமே இல்லை. என் பிள்ளைகள் திருச்சபையைப் பற்றி என்னிடம் எதையும் கேட்கலாம் என்று நம்ப ஆரம்பித்தது அந்த ராத்திரிக்கு அப்புறம்தான்.

கருக்கலைப்பு, ஓரினத் திருமணம் மாதிரி விஷயங்களிலும் வழி இதுதான். இங்கே ஓரினத் திருமணம் 2013இலிருந்து சட்டம், கருக்கலைப்பு 2024இல் அரசியலமைப்புக்குள்ளேயே வந்துவிட்டது. திருச்சபை என்ன சொல்கிறது, ஏன் சொல்கிறது என்பதைச் சுற்றி வளைக்காமல் சொல்கிறோம். மகளின் ஒரு தோழிக்கு இரண்டு அம்மாக்கள். பிறந்தநாளுக்கு வந்தார்கள், என் மனைவி பெட்டியில் கேசரி கட்டிக்கொடுத்து அனுப்பினாள். இரண்டுக்கும் முரண் என்று மகள் சொன்னாள். எனக்கு அப்படித் தெரியவில்லை, வாக்குவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஓடட்டும்.

இப்போது நான் தோற்ற இடம். உறுதிபூசுதல் என்ற திருவருட்சாதனத்துக்கு இங்கே பிள்ளை தானே ஆயருக்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும், அது இங்கே வழக்கம். மகள் 14 வயதில் எழுத மாட்டேன் என்றுவிட்டாள். "எனக்கு வேணுமான்னு தெரியாம எப்படி வேணும்னு எழுதுறது?" ஊரில் அம்மா போனில் அழுதார். நான் ஒரு கடிதத்தை நானே எழுதிக் கொடுத்துக் காப்பி பண்ணச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். என் மனைவிதான், பொய்க் கடிதம் எழுதவா பரிசுத்த ஆவி, என்று ஒரே போடாகப் போட்டாள். விட்டுவிட்டோம். ஞாயிறு பூசைக்கு வருவது வீட்டு வழக்கம், அதை விடவில்லை, கடிதத்தைப் பற்றிப் பேசவில்லை.

2025 உயிர்ப்புப் பெருவிழாவில் பிரான்சில் ஞானஸ்நானம் பெற்ற பெரியவர்கள் மட்டும் 10,384 பேர், பதின்வயதுப் பிள்ளைகள் 7,400க்கு மேல். செய்தியில் படித்தபோது எனக்கு அது வெறும் எண்ணிக்கை. அப்புறம் மகளின் லிசேயில், அதாவது மேல்நிலைப் பள்ளியில், ஒரு பெண், வீட்டில் மூன்று தலைமுறையாகக் கோயில் வாசல் மிதிக்காத குடும்பம், இவளிடம் வந்து "நீ கத்தோலிக்காதானே, விபூதிப் புதனுக்கு எந்தக் கோயிலுக்குப் போகணும், என்ன சாப்பிடக் கூடாது, நீ என்கூட வருவியா" என்று கேட்டிருக்கிறாள். இவள் பஸ்ஸிலிருந்து அம்மாவுக்கு போன் பண்ணி அவசர அவசரமாகக் கேட்டாள், சாம்பல் எதிலிருந்து வருகிறது என்று. போன வருஷக் குருத்தோலையை எரித்து எடுப்பது என்று சொன்னோம். அன்று ராத்திரி இரண்டு பேரும் நெற்றியில் கறுப்போடு எங்கள் வீட்டுக்கு வந்து, தோசை சாப்பிடலாமா கூடாதா என்று ஒரு அரைமணி நேரம் விவாதம். கடிதம் இன்னும் எழுதவில்லை. நான் கேட்கவும் இல்லை.

உங்கள் பெரிய பிள்ளைக்கு 9 வயது என்கிறீர்கள், இங்கே மறைக்கல்வி வழக்கமாக எட்டு வயதுவாக்கில் தொடங்கும், ஒன்றும் பெரிதாகத் தாமதமாகிவிடவில்லை, புதுநன்மைக்கு (முதல்முறை நற்கருணை வாங்குவதற்கு) இன்னும் நேரம் இருக்கிறது. பதிவு செப்டம்பரில், பங்கு அலுவலகத்தில் விசாரியுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழை இப்போதே ஊர்ப் பங்கிலிருந்து வரவழைத்துவிடுங்கள், தாமதமாகும். அதில் பிள்ளை பெயரின் எழுத்தும் பாஸ்போர்ட்டில் இருக்கும் எழுத்தும் ஒன்றா என்று பாருங்கள். எங்கள் மகனுக்கு ஒரு எழுத்து வித்தியாசத்தால் அலைந்த அலைச்சல் போதும் போதும் என்றாகிவிட்டது.