வீட்டை விற்க வேண்டாம், அண்ணே

போன சனிக்கிழமை இங்கே சிங்கப்பூரில் ஈசூனிலிருந்து ஒரு குடும்பம் மகளின் மேற்படிப்பு பற்றிக் கேட்க என்னைப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னியல் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கும் மகள், கூடவே தாய்மாமா. பேசியது பெரும்பாலும் மாமாதான். இணையப் பாதுகாப்புக்குத்தான் இப்போது மவுசு, மெல்பர்னில் மூன்று ஆண்டு படித்துவிட்டு வந்தால் வங்கியில் வேலை நிச்சயம் என்றார். அவர் போட்ட கணக்கு ஒன்றரை லட்சம் வெள்ளி. ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு மூவறைக்கு மாறலாம் என்று வீட்டு முகவரிடம்கூடப் பேசிவிட்டார்களாம். அம்மாவின் கவலை வேறு: “பொம்பளைப் பிள்ளை ஹேக்கரோட எல்லாம் மல்லுக்கட்டணுமா?” மகள் ஒரே ஒரு தடவை வாய் திறந்தாள். “எனக்கு மெஷின்தான் பிடிக்கும்.” யாரும் காதில் வாங்கவில்லை.

நானும் “யோசிக்கலாம், கவலைப்படாதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது தப்பு. இப்போது நேராகவே சொல்கிறேன்: வீட்டை விற்காதீர்கள். இங்கே முழுநேரப் பட்டம் படித்தால் அப்பா அம்மாவின் மத்திய சேம நிதி (சிபிஎஃப்) சேமிப்பிலிருந்து கட்டணம் கட்ட வழி இருக்கிறது, வெளிநாட்டுப் படிப்புக்கு அது கிடையாது. ஆக, மெல்பர்ன் செலவு முழுக்க உங்கள் கூரையிலிருந்துதான் வர வேண்டும். முதல் வேலைக்குப் போகும் முன்பே இவ்வளவு பெரிய கடன்பாட்டை ஒரு பிள்ளையின் தலையில் ஏற்றக் கூடாது. நாளைக்கு இந்தத் துறை பிடிக்கவில்லை என்று அவளால் சொல்லக்கூட முடியாமல் போய்விடும்.

வங்கி வேலை, ஊடுருவல் சோதனை (அனுமதியோடு கணினிக்குள் புகுந்து ஓட்டை தேடுவது) இதெல்லாம் மாமாவுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். அவர் சொல்லாத ஒன்று இருக்கிறது. தண்ணீர்ச் சுத்திகரிப்பு, மின்சாரம், ரயில், எண்ணெய் ஆலை இவற்றை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பாதுகாக்கிற வேலை. தொழிலில் இருப்பவர்கள் இந்தக் கருவிகளைச் சுருக்கமாக ‘ஓடி’ (OT, ஆபரேஷனல் டெக்னாலஜி) என்பார்கள். நம் ஆட்களிடம் ஓடி என்றால் மிகைநேரச் சம்பளம்தான் ஞாபகத்துக்கு வரும். இது வேறு.

அண்ணே, நீங்கள் ஜூரோங் தீவு ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன். பிஎல்சி (PLC) என்ற கட்டுப்பாட்டுப் பெட்டியைத் தினமும் பார்ப்பவர். அழுத்தம், வெப்பம், மட்டம் எல்லாவற்றையும் படித்து வால்வைத் திறக்கச் சொல்வதும் மூடச் சொல்வதும் அந்தப் பெட்டிதான். அதோடு பேச இன்னமும் பல ஆலைகளில் மோட்பஸ் என்ற முறைதான். 1979இல் வந்தது. யார் கட்டளை தருகிறார்கள் என்று அது கேட்பதே இல்லை. கம்பியை எட்டிவிட்டால் போதும். அலுவலகக் கணினி என்றால் ராத்திரியில் மென்பொருளைப் புதுப்பித்து, அணைத்துப் போட்டுவிடலாம். ஆலையை அப்படி நிறுத்த முடியுமா? பராமரிப்புக்காக ஆலையையே நிறுத்தும் ஷட்டவுன் வரும்வரை காத்திருக்க வேண்டும். என்னென்ன இணைந்திருக்கிறது என்று அலுவலகத்தில் செய்வதுபோல வலையமைப்பை ஸ்கேன் செய்தாலே சில பழைய பிஎல்சிகள் திணறி நின்றுவிடும். கணினி மட்டும் படித்துவிட்டு வருபவர் தடுமாறுவது இங்கேதான்.

2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சுநிரல் ஈரானில் யுரேனியத்தைச் செறிவூட்டும் இயந்திரங்களின் வேகத்தை மாற்றிக்கொண்டிருந்தபோது, திரையில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. 2015 டிசம்பரில் உக்ரைனில் மின்விநியோக நிறுவன ஊழியர்களின் கண்ணெதிரே திரையில் சுட்டி தானாக நகர்ந்து, இணைப்புகளை ஒவ்வொன்றாகத் துண்டித்தது. சுமார் 2,25,000 வாடிக்கையாளர்கள் இருட்டில் இருந்தார்கள். மின்சாரம் எப்படித் திரும்பி வந்தது தெரியுமா? துணைமின்நிலையங்களுக்கு ஆட்கள் நேரில் போய்க் கையால் போட்டார்கள்.

இங்கேயும் இது கதையில்லை. 2025 ஜூலையில் அமைச்சர் கா. சண்முகம், யுஎன்சி3886 என்ற ஹேக்கர் குழு நம் முக்கியக் கட்டமைப்புகளைத் தாக்குகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். 2018ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டப்படி, முக்கியத் தகவல் கட்டமைப்பு (தண்ணீர், மின்சாரம் போன்ற சேவைகளை ஓட்டும் கணினிகள்) வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆபத்து மதிப்பீடும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது தணிக்கையும் செய்தே ஆக வேண்டும். அதை யாராவது ஆலைக்குள் நடந்து போய்த்தானே செய்ய வேண்டும்? எந்தப் பெட்டி எதோடு இணைந்திருக்கிறது, கருவி விற்றவர் தன் மடிக்கணினியை எங்கே செருகுகிறார், தூரத்திலிருந்து உள்ளே வரும் வழியை யார் திறந்து வைத்தது, யுஎஸ்பி எங்கிருந்து வந்தது என்று நோட்டுப் புத்தகத்தோடு சுற்றும் வேலை அது. சந்தேகம் வந்தால் உடனே கம்பியைப் பிடுங்கிவிடவும் கூடாது. ஆலையை ஓட்டுபவரிடம் பேசி, எதை நிறுத்தினால் எது வெடிக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கை வைக்க வேண்டும்.

“நான்தான் ஹெல்மெட் போட்டேன், இவளாவது ஏர்கானில் உட்காரட்டும்” என்றீர்கள், அண்ணே. உங்கள் ஆசை புரிகிறது. இந்த வேலையிலும் ஹெல்மெட் உண்டு, வெயில் உண்டு, ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வரும். ஆனால் நீங்கள் இத்தனை வருடம் வால்வோடு கற்றுக்கொண்டதை எந்த மெல்பர்ன் வகுப்பிலும் அவளுக்குச் சொல்லித் தர மாட்டார்கள். அதைக் கேவலமாகப் பேசாதீர்கள், அதுவும் அவள் எதிரில்.

சரி, இப்போது என்ன செய்வது? டிப்ளோமாவை முடிக்கட்டும். கடைசி ஆண்டுத் திட்டப்பணியைப் பிஎல்சி பாதுகாப்பில் எடுக்க முடியுமா என்று விரிவுரையாளரிடம் கேட்கட்டும். சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் ஆறு கட்டங்களில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஒரு சோதனை ஆலையே இருக்கிறது. தாக்கிப் பார்க்கவும் தடுத்துப் பார்க்கவுமே கட்டியது. அங்கே வெளிவந்த ஆய்வுகளை அவள் படிக்கத் தொடங்கலாம். வீட்டில் வலையமைப்பில் போகும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, ஒரு மோட்பஸ் சிமுலேட்டர் பேசுவதைக் கவனிக்கலாம். அப்புறம் ஓர் ஆலையில் இரண்டு, மூன்று ஆண்டு வேலை. பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என்ன படிக்க வேண்டும் என்று அவளுக்கே தெரிந்த பிறகு, உள்ளூரிலேயே படிக்கட்டும்.

அம்மாவின் பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், அக்கா. உங்கள் மகள் ஹேக்கரை நேரில் பார்க்கப் போவதில்லை. பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான்: கற்றுக்கொள்கிறேன் என்று அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினிக்குள் எட்டிப் பார்ப்பது. கணினி முறைகேட்டுச் சட்டத்தின்படி முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. அதை இப்போதே அவளிடம் சொல்லி வையுங்கள்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி வாருங்கள். அவள் திட்டப்பணிக்கு யோசித்ததை ஒரு தாளில் எழுதி எடுத்து வரட்டும். மாமா கீழே காப்பிக்கடையில் உட்காரட்டும், தே தாரிக் என் செலவு.