ராட்சத மினியேச்சர்களும் கூட்டு நிதியும்: கேள்வி பதில்

மேசையில் ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டுகளுக்கான பெரிய அரக்க உருவங்களை (மினியேச்சர்களை), பொருள் தயாராகும் முன்பே பலரிடம் பணம் திரட்டும் கூட்டு நிதித் திட்டங்கள் வழியாக 2012 முதல் வாங்கிச் சேர்த்து வருபவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வண்ணம் தீட்டுவது பற்றிக் கேட்டவர்கள் வேறு ஒருவரை நாடுவது நல்லது. என் கைத்திறன் அதில் மிகச் சுமாரானது.

கேள்வி: ஐயா, வாள் ஏந்திய வீரர்கள் கடையிலேயே கிடைக்கிறார்கள். ஒரு டிராகனுக்கு மட்டும் ஏன் ஆயிரக்கணக்கானோரிடம் முன்பணம் திரட்ட வேண்டியிருக்கிறது?

பதில்: பெரிய உருவம் என்பது சிறிய உருவத்தைப் பெரிதாக்கிய ஒன்றன்று. வீரனைவிட நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஐந்து மடங்கு பெரிய டிராகனுக்கு 125 மடங்கு கனஅளவு உண்டு. பிளாஸ்டிக்கைத் தடிமனாக வார்த்தால் உள்ளும் புறமும் ஒரே வேகத்தில் குளிராமல் மேற்பரப்பு குழிந்துவிடும் என்பதால், உடலை உள்ளீடற்ற பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் எஃகு அச்சில் இடம் ஒதுக்க வேண்டும். அந்த அச்சின் செலவு ஒரு டிராகன் விற்றாலும் பத்தாயிரம் விற்றாலும் ஒன்றுதான். விற்பனை எண்ணிக்கை தெரியாமல் அச்சுக்குப் பணம் போட எந்தச் சிறு நிறுவனமும் தயங்கும்.

இந்தத் தயக்கத்தைப் பெருமளவில் உடைத்துக் காட்டியது 2012 கோடையில் டெக்சாஸ் மாநிலத்தின் ரீப்பர் மினியேச்சர்ஸ் நடத்திய போன்ஸ் திட்டம். அதுவரை உலோக உருவங்களுக்குப் பெயர்பெற்றிருந்த அந்நிறுவனம் மென்மையான வெள்ளைப் பிளாஸ்டிக்கில் அச்சுகளைப் பெருக்குவதற்காக 30,000 டாலர் கேட்டது. 17,744 பேர் சேர்ந்து 34 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார்கள். நூறு டாலர் கட்டியவருக்கு இருநூறுக்கும் மேற்பட்ட உருவங்கள் என்பது அன்று நம்ப முடியாத பேரமாக இருந்தது. ஆனால் என்னைப் போன்றோர் தனியாகப் பணம் சேர்த்துக் கட்டியது கலாட்ராக்ஸ் என்ற எலும்புக்கூட்டு டிராகனுக்காகத்தான். உலோகத்தில் அப்படியொன்றை வார்த்தால் தூக்கவே இரண்டு கை வேண்டும்.

கேள்வி: நான் பணம் கட்டிய அரக்கன் எப்போது வரும்?

பதில்: எந்தத் திட்டம் என்று நீங்கள் குறிப்பிடவில்லை, குறிப்பிட்டிருந்தாலும் விடை ‘தாமதமாக’ என்பதே. கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதித் தளத்தின் வடிவமைப்பு, தொழில்நுட்பத் திட்டங்களை ஆராய்ந்து ஆய்வாளர் ஈதன் மாலிக் 2014இல் வெளியிட்ட ஆய்வு, முக்கால் பங்குக்கும் மேலானவை சொன்ன நாளைத் தாண்டியே பொருளைக் கொடுத்தன என்று காட்டியது.

கேள்வி: ‘உண்மையான அளவுகோல்’ என்று விளம்பரப்படுத்துகிறார்கள். டங்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் விதிப்படி ‘கார்கான்டுவான்’ என்ற மிகப்பெரிய அளவு வகை அரக்கன் ஆட்டப் பலகையில் நான்குக்கு நான்கு கட்டங்களைத்தானே அடைக்க வேண்டும்? எனக்கு வந்தது ஆறு கட்டங்களுக்கு நீண்டுவிட்டது.

பதில்: விதியின் வாசகம் ‘இருபதடிக்கு இருபதடி அல்லது அதற்கும் மேல்’ என்பது, பின்பாதியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மேலும் அது போரில் அரக்கன் ஆளும் இடத்தின் அளவேயன்றி உடலின் அளவன்று. அவ்விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் வரும் டராஸ்க் என்ற அரக்க விலங்கு ஐம்பதடி உயரமும் எழுபதடி நீளமும் கொண்டது. ஓர் அங்குலத்துக்கு ஐந்தடி என்னும் கட்டக் கணக்கில், அதாவது அறுபதில் ஒரு பங்கு அளவில், அது 25 செ.மீ. உயரமும் 36 செ.மீ. நீளமும் உடையதாக இருக்க வேண்டும். நான்கு கட்டம் என்பதோ வெறும் 10 செ.மீ.

கேள்வி: மேலே உள்ள கணக்கு தவறு. இன்றைய வீரர் உருவங்கள் 28 மி.மீ. அல்ல, 32 மி.மீ. அரக்கனும் அதற்கேற்ப வளர வேண்டாமா?

பதில்: தவறன்று, இரண்டு அளவுகோல்கள் ஒரே மேசையில் மோதுகின்றன, அவ்வளவுதான். மி.மீ. கணக்கைச் சிலர் பாதத்திலிருந்து கண் வரையும் சிலர் உச்சந்தலை வரையும் அளப்பதால் ஒரே எண் இரு நிறுவனங்களிடம் இரு பொருள் தருகிறது. உங்கள் 32 மி.மீ. வீரனை ஏறத்தாழ 52இல் ஒரு பங்கு என்று கொண்டால் டராஸ்க் 29 செ.மீ. உயரம் பெறும். நான்கு செ.மீ. தானே என்று நினைக்க வேண்டாம்: கனஅளவு ஒன்றரை மடங்காகிறது, அதனோடு பிளாஸ்டிக்கும் பெட்டியும் அஞ்சல் கட்டணமும் ஏறுகின்றன. நிறுவனங்கள் ‘உண்மையான அளவுகோல்’ என்று சொல்லிவிட்டு அளவைச் சத்தமில்லாமல் குறைப்பது இதனால்தான். விளம்பரத்தில் செ.மீ. எண் இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள். எண் இருந்தால், அது சிறகு நுனி வரை அளந்ததா, தலை வரை அளந்ததா என்று கேளுங்கள்.

கேள்வி: படத்தில் பார்த்தபடியே உருவம் வருமா?

பதில்: வராது. நீங்கள் பார்த்தது கணினியில் வரைந்த ரெண்டர். அதற்குப் புவியீர்ப்பும் இல்லை, அச்சிலிருந்து கழற்றப்பட வேண்டிய கட்டாயமும் இல்லை. ஐரோப்பிய நிறுவனம் ஒன்றிடம் நான் வாங்கிய ஏழு தலை நாகம் ரெண்டரில் ஊசி போன்ற பற்களைக் காட்டியது. கைக்கு வந்ததில் பற்கள் அரிசிமணிகளாக இருந்தன. வார்த்தெடுத்த உருவத்தின் புகைப்படத்தைக் கேளுங்கள். இதை இன்னும் ஒரு முறையாவது எழுதப்போகிறேன்.

கேள்வி: வந்து சேர்ந்த டிராகனின் கழுத்து வளைந்து தொங்குகிறது.

பதில்: மென்பிளாஸ்டிக் என்றால் கொதிக்கவைத்த நீரில் ஓரிரு நிமிடம் அமிழ்த்தி, நிமிர்த்திப் பிடித்தபடியே குளிர்ந்த நீரில் வையுங்கள். விரல்கள் கவனம்.

கேள்வி: திட்டத்தை நடத்தியவர் பணத்தோடு மறைந்துவிட்டால் சட்டம் உதவுமா?

பதில்: உதவலாம், பணம் திரும்புவது வேறு கதை. கிக்ஸ்டார்ட்டரில் நிதி இலக்கை எட்டாத திட்டத்தில் உங்களிடம் பணமே எடுக்கப்படாது. எட்டிய பின் கிக்ஸ்டார்ட்டர் இடையில் நிற்காது, ஒப்பந்தம் உங்களுக்கும் படைப்பாளிக்கும் இடையிலானது. புராதன அரக்கர்கள் அட்லாண்டிக் சிட்டி நகரத்தை நொறுக்குவதாக அமைந்த ஒரு பலகை விளையாட்டுக்கு 2012இல் 1,246 பேர் 1,22,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே திட்டம் கைவிடப்பட்டது. திரட்டிய பணத்தில் பெரும்பகுதி வீட்டு வாடகை போன்ற சொந்தச் செலவுகளுக்குப் போனதாகக் குற்றம் சாட்டி, அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2015இல் நடவடிக்கை எடுத்தது. கூட்டு நிதி தொடர்பாக அவ்வாணையம் எடுத்த முதல் வழக்கு அதுவே. 1,11,000 டாலருக்கு மேல் கட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது, ஆனால் திட்டத்தை நடத்தியவரிடம் வசதி இல்லை என்பதால் அந்தத் தொகை நிறுத்திவைக்கப்பட்டது. வேறொரு நிறுவனம் முன்வந்து விளையாட்டை வெளியிட்டதால்தான் ஆதரவாளர்கள் கையில் ஏதோ சேர்ந்தது. அப்படிப்பட்ட அதிர்ஷ்டத்தை எதிர்பார்த்துப் பணம் கட்டக் கூடாது. படைப்பாளி முன்பு எதையாவது அனுப்பிக் கொடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். வார்த்தெடுத்த உருவத்தின் புகைப்படத்தையும்தான்.

கேள்வி: உருவத்தின் விலையைவிட அஞ்சல் செலவும் வரியும் அதிகமாக வந்திருக்கிறதே?

பதில்: கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் செ.மீ. கணக்கில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுத்து, அந்த எண் எடையைவிட அதிகமானால் அதற்கே கட்டணம் வாங்குகின்றன. சிறகு விரித்த டிராகன் அவர்கள் கணக்கில் காற்று நிரம்பிய பெட்டி. இதற்கு மேல் வரி: ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்குட்பட்ட இறக்குமதிக்கான மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலையில் நீக்கியது, சீனப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 2025 ஏப்ரலில் 145 சதவீதத்தைத் தொட்டு அடுத்த மாதமே 30க்கு இறங்கியது. அச்சுகள் பெரும்பாலும் சீனாவில் இருக்கும் இத்தொழிலில், ஈராண்டுக்கு முன் கணித்த அஞ்சல் தொகை நிலைக்கும் என்று எதிர்பார்ப்பது வீண்.

கேள்வி: எனது அரக்கன் எப்போது வரும் என்று யாரும் சொல்வதில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

பதில்: இரண்டாம் கேள்வியின் பதிலைப் படிக்கவும். இதே கேள்வியை அனுப்பிய மற்ற நால்வருக்கும் அதுவே பதில்.

கேள்வி: இந்தியாவிலிருந்து நானே கிக்ஸ்டார்ட்டர் திட்டம் தொடங்கலாமா?

பதில்: அங்கே படைப்பாளிகளுக்கு அனுமதியுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை; சிங்கப்பூர் இருக்கிறது.

கேள்வி: உருவத்தைக் கணினிக் கோப்பாக வாங்கி, வீட்டிலேயே முப்பரிமாண அச்சுப்பொறியில் ரெசின் என்ற திரவப் பிசினால் அச்சிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே?

பதில்: அஞ்சலும் சுங்கமும் இல்லாமல் போகும், உண்மைதான். ஆனால் கனஅளவு உங்கள் புட்டியிலும் அதேபோல் பெருகும். உடலை உள்ளீடற்றதாக்கி, உறையாத ரெசின் வடிய அடியில் துளைகள் விடாவிட்டால், உள்ளே தேங்கியது மாதங்கள் கழித்து வெளிச்சுவரைப் பிளந்துகொண்டு ஒழுகும். மற்ற நுணுக்கங்களை அச்சிடுவோரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஐயா, டராஸ்க் கணக்குக்குத் திரும்புகிறேன். எழுபதடி நீளத்தில் வாலும் அடக்கமா?

பதில்: அடக்கம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். வால் இல்லாமல் எழுபதடி என்று வாதிட விரும்பினால், முதலில் அதை வைக்க ஒரு மேசை வாங்குங்கள்.