முன் ஃபோர்க் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

பிரேக் பிடித்தால் பைக்கின் முன்பக்கம் தடாலென்று இறங்குகிறது, ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் இரண்டு குழாய்களில், உள்ள ஆயிலை நாமே மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு குழாய்க்குள் இன்னொன்று சறுக்கும் சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க் என்றால் தாராளமாக மாற்றலாம்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடியில் முட்டுக் கொடுத்து முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஃபோர்க்கை உருவும் முன்பே அதை மேலே இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைத் தளர்த்தி, ஃபோர்க்கின் மேல்மூடியைக் கொஞ்சம் இளக்கிவிடுங்கள். தனியே எடுத்தபின் திறப்பது பெரும்பாடு. மூடியை முழுதாகக் கழற்றும்போது முகத்தை விலக்கி வையுங்கள், உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும்.

பழைய ஆயில் சாம்பல் நிறத்தில், நாற்றத்தோடு வரும். கவிழ்த்து, பலமுறை அமுக்கி இழுத்தால்தான் முழுதும் வடியும். மேனுவல் சொல்லும் கிரேடில் (ஆயிலின் கெட்டித்தன்மை), அளவில் புதியதை ஊற்றி, மெதுவாக அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். அப்புறம் இரண்டு ஃபோர்க்கிலும் ஆயில் மட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்து சமமாக்குங்கள். இதில் கண்மதிப்பு மட்டும் வேண்டாம். ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் ஓரம் கசிந்திருந்தால் அதையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.