ஒருவரின் சாதாரண நாள் ஒன்றை முழுதாகப் பார்த்தால் அவர் யார் என்று தெரிந்துவிடுமா?

தெரியும் என்று சொல்வதற்கும் தெரியாது என்று சொல்வதற்கும் என்னிடம் ஒரே நாள்தான் சான்றாக இருக்கிறது. 1996ஆம் ஆண்டு மே மாதப் பள்ளி விடுமுறையில், எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, மும்பை தாராவியில் இட்லி வியாபாரம் செய்துவந்த என் சித்தப்பாவுடன் விடியற்காலை முதல் மதியம் வரை சுற்றினேன். அன்று நான் அவரைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்தேன். அந்த முடிவு தவறு என்று உணர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. தவறியதற்கான காரணத்தையே இங்கே பதிலாக எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் குடியேறிய பல குடும்பங்களுக்கு இட்லிதான் பிழைப்பு. முந்தின நாள் மாலை ஆட்டி வைத்த மாவை மூன்று மணிக்கெல்லாம் அடுப்பேற்றி, நானூறு இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தில் துணி சுற்றி அடுக்கி, சைக்கிளில் கட்டி, ஆறு மணிக்குள் சித்தப்பா கிளம்பிவிடுவார். ஏழு மணிக்குச் சயான் ரயில் நிலையத்தின் அருகே நிற்காவிட்டால், அலுவலகத்துக்குப் போகிறவர்களின் முதல் கூட்டம் போய்விடும். அன்று தொண்ணூறு அடிச் சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது, மூட்டைகள் ஏற்றிய கைவண்டியின் சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கிவிட, அதை இழுத்து வந்த முதியவர், "தம்பி, ஒரு கை குடுப்பா" என்று எங்களைப் பார்த்துக் கூப்பிட்டார். சித்தப்பா அவரைத் திரும்பியும் பார்க்காமல் நடந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அந்த முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

பதினொரு மணியளவில் இன்னொன்று நடந்தது. இட்லி இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. தேங்காய்ச் சட்னியும் கால் வாளிக்கு இருந்தது. சித்தப்பா வாளியை எடுத்துப் போய்ச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, குழாயில் கழுவிக்கொண்டு வந்தார். அதன்பிறகு வந்தவர்களிடம் "சட்னி தீர்ந்துடுச்சு" என்று சொல்லிப் பொடி மட்டும் வைத்துக் கொடுத்தார். எவ்வளவு தேங்காய் வீணாகிறது என்று நினைத்தேன். அதற்கு மேல் எதையும் நினைக்கவில்லை.

அன்றிரவு என் மனத்தில் தங்கியது கைவண்டி மட்டுமே. வீட்டில் யாராவது சித்தப்பாவைப் புகழ்ந்தால், "அவர் யார் என்று எனக்குத் தெரியும்" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்வேன். ஒரு முழு நாள் கூடவே இருந்து பார்த்தவன் என்ற உறுதி எனக்கு இருந்தது.

அந்த உறுதியை முதலில் ஆட்டியது, பிற்காலத்தில் நான் படித்த ஓர் உளவியல் ஆய்வு. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர் 1973இல் வெளியிட்டது. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில் இறையியல் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை, சிறிய உரை ஒன்று ஆற்றும்படி ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு விழுந்து முனகுவதுபோல் நடிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினர்; தாமதமாகிவிட்டது, ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே உதவினர். அடிபட்டவனுக்கு உதவிய நல்ல சமாரியனின் உவமையைப் பற்றிப் பேசுவதற்காகவே சிலர் அனுப்பப்பட்டார்கள். எதைப் பற்றிப் பேசப் போகிறார்கள் என்பதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை என்பது என்னை மிகவும் கலங்கவைத்த செய்தி.

அதைப் படித்தபோதுதான், அந்த மே மாதக் காலையில் நாங்கள் அரை மணி நேரம் தாமதமாகக் கிளம்பினோம் என்பதும், தாமதத்துக்குக் காரணம் எழுப்பியும் எழாத நான்தான் என்பதும் நினைவுக்கு வந்தன. சாதாரண நாள் என்று நான் நம்பிய நாள், நான் உடன் சென்றதாலேயே சாதாரணமாக இல்லாமல் போயிருந்தது. பார்க்கிறவர் கூட வந்தாலே நாள் கொஞ்சம் மாறிவிடுகிறது. கேள்வி கேட்டவர் முதலில் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். முதியவருக்கு உதவாமல் போனதை நான் சரி என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அதை வைத்து ஒரு மனிதரை எடைபோட்டது பிழை.

ஒரு நாளை முழுதாகப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அறிவியல் முறையிலேயே நிறைவேற்றிப் பார்த்தவர்களும் உண்டு. ரோஜர் பார்க்கர், ஹெர்பர்ட் ரைட் என்ற ஆய்வாளர்கள், 1949 ஏப்ரல் 26 அன்று, கான்சஸ் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழு வயதுச் சிறுவன் காலையில் கண்விழித்தது முதல் இரவு உறங்கியது வரை செய்த ஒவ்வொன்றையும், ஆட்கள் மாறி மாறிக் குறிப்பெடுக்க ஏற்பாடு செய்தார்கள். 1951இல் அது நானூறு பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாக வந்தது. இப்படிப் பல குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த பிறகு பார்க்கர் வந்தடைந்த முடிவு, குழந்தை எப்படி நடந்துகொள்ளும் என்பதை அது எந்தக் குழந்தை என்பதைவிட, அது எந்த இடத்தில் இருக்கிறது என்பது கூடுதலாகச் சொல்லிவிடுகிறது என்பதே. வகுப்பறையில் எல்லாரும் வகுப்பறைப் பிள்ளைகள். கடையில் எல்லாரும் கடைக்கு வந்த பிள்ளைகள்.

மும்பையில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நெரிசல் நேரத்து மின்ரயிலில் ஒரு சதுர மீட்டருக்குள் 14 முதல் 16 பேர் வரை நிற்கிறார்கள். அங்கே ஒருவர் முழங்கையால் இடிப்பதைக் கொண்டு அவருடைய குணத்தைச் சொல்ல முடியாது. இடிப்பது அந்த இடத்தின் குணம்.

அப்படியானால் ஒரு நாளில் மனிதரே இல்லையா? இருக்கிறார். எந்தச் செயலில் இருக்கிறார் என்பதை அந்த நாள் அடையாளம் காட்டுவதில்லை, அவ்வளவுதான். கல்லூரிக் காலத்தில் சித்தப்பாவுக்கு உடம்பு சரியில்லாதபோதெல்லாம் நானும் வியாபாரத்துக்குப் போனேன். அவர் தேறிய பிறகும் சில வாரங்கள் சேர்ந்தே போனோம். கொளுத்தும் மே மாதத்திலும், காற்று குளிர்ந்து கிடக்கும் ஜூலை மழையிலும், கையில் காசு இருந்த வாரத்திலும், வாடகை நிலுவையில் நின்ற வாரத்திலும், பதினொரு மணிக்கு அந்த வாளி கவிழ்ந்தது. ஒருநாள் காரணம் கேட்டேன். "பதினொன்னுக்கு மேல தேங்காய் நிக்காதுலே. புளிச்சது தெரியாமத் தின்னுட்டுப் போவான். நாம போய்ப் பாக்கவா போறோம்?" என்றார்.

2001இல் வில்லியம் ஃபிளீசன் என்ற உளவியலாளர் வெளியிட்ட ஆய்வு ஏறத்தாழ இதையே வேறு வழியில் காட்டியது. ஒரே மனிதர் ஒரு நாளுக்குள்ளேயே கலகலப்பாகவும் ஒதுங்கியும், ஒழுங்காகவும் ஏனோதானோவென்றும் மாறி மாறி நடந்துகொள்கிறார். ஆனால் இரண்டு மூன்று வாரக் குறிப்புகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரி ஆளுக்கு ஆள் வேறுபட்டு, அவரவரளவில் உறுதியாக நிற்கிறது.

"பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்" என்ற குறளைச் சொல்லி, செயல் ஒன்று போதும் என்று வாதிடுவோர் உண்டு. கட்டளைக் கல் என்னும் உரைகல்லில் பொன்னை உரசும் ஆசாரி, ஏற்கெனவே மாற்று, அதாவது தூய்மையின் அளவு, தெரிந்த பொன்னின் கோட்டையும் பக்கத்தில் உரசி, இரண்டையும் ஒப்பிட்டே சொல்கிறார். தனியே கிடக்கும் ஒரு கோடு மஞ்சளாகத்தான் தெரியும்.

உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு நாள் என்றால், அவசர நேரத்தையும் நெரிசலையும், உங்களுக்காக அவர் செய்வதையும் கழித்துவிட்டு, யோசிக்காமலே கை செய்து முடிக்கும் காரியங்களைக் கவனியுங்கள். பலமுறை செய்த செயலில் தயக்கம் இருக்காது. சித்தப்பா அன்று சட்னியைக் கொட்டியபோது சுற்றிலும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. எவ்வளவு மிச்சம் என்று வாளிக்குள்கூட எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்தில்தான் நின்றேன். அப்போதும் என் மனம் அந்தக் கைவண்டியிலேயே இருந்தது.