முழங்கால் சில்லு விலகுவதும் முழங்கால் வலியும்: பயிற்சி போதுமா, அறுவை சிகிச்சை வேண்டுமா?

சில்லு இரண்டு முறை விலகிவிட்டது, இப்போது படி இறங்கினாலே வலிக்கிறது, பயிற்சியால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பதின்ம வயதிலிருந்து இதே தொல்லையை அனுபவித்து, இன்று அச்சமின்றி ஓடும் நிலைக்கு வந்தவன் நான். விலகலும் வலியும் ஒரே முழங்காலில் இருந்தாலும் அவை இரண்டு வேறு சிக்கல்கள் என்பதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன்.

தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள பள்ளத்தில்தான் சில்லு மேலும் கீழும் வழுக்கி நகர்கிறது. கால் நேராக இருக்கும் நிலையிலிருந்து ஏறக்குறைய 30 பாகை மடங்கும் வரை அது அந்தப் பள்ளத்துக்குள் முழுமையாக இறங்கியிருப்பதில்லை. அந்த இடைவெளியில் வெளிப்புறமாகச் சரியாதபடி அதைப் பிடித்திருப்பது உட்புற ஜவ்வு. முதல் விலகலின்போது பெரும்பாலும் கிழிவதும் அந்த ஜவ்வுதான். எனவேதான் கால் அதிகம் மடங்காத நிலையில், பாதத்தைத் தரையில் ஊன்றியபடி உடலைச் சட்டெனத் திருப்பும்போது சில்லு விலகுகிறது. வலியோ நேர்மாறானது: கால் ஆழமாக மடங்க மடங்கச் சில்லின் பின்புறக் குருத்தெலும்பின் மீது அழுத்தம் கூடுவதால், படிகளிலும், குந்தும்போதும், நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும்போதும் அது தலைகாட்டுகிறது. ஆகவே வலி தணிந்துவிட்டதாலேயே சில்லு உறுதியாகிவிட்டது என்று கருதிப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

மூட்டில் நீர் கோத்திருந்தால் முதலில் அது வடிய வேண்டும். வீக்கம் இருக்கும் வரை முன்தொடைத் தசை எவ்வளவு முயன்றாலும் முழுமையாக இயங்காது. பிறகு காலை நீட்டி முன்தொடையை இறுக்கிப் பிடித்தல், நேராக நீட்டிய காலைத் தூக்குதல், ஒருக்களித்துப் படுத்து மேலே இருக்கும் காலை உயர்த்துதல் ஆகியவற்றில் தொடங்கலாம். கடைசியாகச் சொன்னது இடுப்புக்கான பயிற்சி. பலர் ஒதுக்கிவிடும் அதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். இடுப்புத் தசை வலுவிழந்தால் ஒற்றைக்காலில் நிற்கும்போது தொடை உட்புறமாகத் திரும்புகிறது. அப்போது சில்லு நகராவிட்டாலும் அதற்கு அடியில் இருக்கும் பள்ளமே விலகிப் போகிறது. கண்ணாடி முன் நின்று தாழ்ந்த படியிலிருந்து மெதுவாக இறங்கிப் பாருங்கள், முழங்கால் உள்ளே சாய்கிறதா என்பது தெரிந்துவிடும்.

குந்தும் பயிற்சியை முதலில் 45 பாகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது பத்துக்கு மூன்று அளவிலான வலி இருந்து, மறுநாளுக்குள் அடங்கிவிட்டால் தொடரலாம். வீக்கம் திரும்பினால் சுமையைக் குறைக்க வேண்டும். சில்லுக்கான உறையும் ஒட்டுப்பட்டையும் பயிற்சிக் காலத்தில் துணை நிற்கும், ஆனால் தசையின் வேலையை அவை செய்யமாட்டா.

இரண்டாம் முறையும் விலகியிருப்பதால் எலும்பு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். பள்ளம் ஆழமற்றதாக உள்ளதா, சில்லு இயல்பைவிட உயரத்தில் உள்ளதா, சில்லின் தசைநாண் கீழ்க்கால் எலும்பில் வெளிப்புறமாகத் தள்ளிப் பொருந்தியுள்ளதா என்ற மூன்றையும் எக்ஸ்ரே, எம்ஆர்ஐ படங்களை வைத்து விளக்கச் சொல்லுங்கள். மூன்றாவதாகச் சொன்ன தள்ளலின் அளவு 20 மில்லிமீட்டரைத் தாண்டினால், அந்தத் தசைநாண் பொருந்தியுள்ள எலும்புப் பகுதியை இடம் மாற்றி வைக்கும் அறுவை சிகிச்சை பற்றிப் பேச்சு எழலாம். மற்றபடி, பயிற்சிக்குப் பின்னும் விலகல் தொடர்பவர்களுக்கு, பின்தொடைத் தசைநாண் ஒன்றை எடுத்து உட்புற ஜவ்வைப் புதிதாக அமைப்பதே வழக்கம். அதன் பிறகும் விளையாட்டுக்குத் திரும்பப் பொதுவாக ஆறு மாதங்களோ அதற்கு மேலோ ஆகும். அந்த மாதங்களில் செய்யப்போவதும் மேலே சொன்ன பயிற்சிகளைத்தான் என்பதால், இப்போதே வலுவைச் சேர்ப்பது எந்த வகையிலும் வீணாகாது. விலகியபின் சில மணி நேரத்துக்குள் மூட்டு பெரிதாக வீங்கினாலோ, கால் மடக்கவும் நீட்டவும் முடியாமல் பூட்டிக்கொண்டாலோ மட்டும் பயிற்சியைப் பற்றி எண்ணாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். குருத்தெலும்புத் துண்டு உடைந்து மூட்டுக்குள் கிடக்கலாம்.