மல்லிக்கு எல்லாமே கேட்டுவிட்டால் கதை எங்கே?

கேள்வி: ஓசூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ஊர் சூளகிரி பக்கம். தினமும் பஸ்ஸில் எழுதி எழுதியே ஒரு நாவலை முடித்திருக்கிறேன். மல்லச்சந்திரம் குன்றில் ஆடு மேய்க்கிற பன்னிரண்டு வயது மல்லியின் மனதோடு வேற்றுக்கிரகத்தார் பேசுகிறார்கள். அங்கே இருக்கும் கல்திட்டைகளை (இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களால் எழுப்பிய பழங்காலச் சின்னங்கள்; எங்கள் பாட்டி 'பாண்டவர் வீடு' என்பார்) ஆதியில் கட்டியதே அவர்கள்தான் என்று கதை போகிறது. மந்திரம் தெரிந்த ஒரு கிழவியும் உண்டு. "இது அறிவியல் புனைகதையா, மாயாஜாலக் கதையா? ஏதாவது ஒரு பக்கம் நில்" என்கிறாள் தோழி. "ஏலியன் எதுக்குக் கிருஷ்ணகிரிக்கு வரப்போகுது?" என்கிறார் கணவர். பாதிக்கு மேல் கதை சப்பென்று ஆகிவிடுவது எனக்கே தெரிகிறது. என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் அனுப்பிய நான்கு அத்தியாயங்களையும் கதைச் சுருக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். சித்திரை வெயிலில் காய்ந்த பாறையில் மல்லி கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கும்போது, அந்தச் சூடு முதல்முறையாக இன்னொரு உயிருக்கும் சுடுகிறதே, அந்தப் பத்தியில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இந்த நாவல் வெளியே வர வேண்டும். அதனால் மனதில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன்.

உங்கள் கணவருக்கு ஒரே வரிதான். பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று 1977இல் தெரியவந்தபோது அங்கிருந்தும் அதைப் பார்த்துப் பதிவு செய்தார்கள். நம் மலையிலிருந்து அவ்வளவு தூரம் பார்க்க முடியும் என்றால், அங்கிருந்து ஒருவர் நம் பக்கம் பார்ப்பதாக எழுதவும் முடியும்.

தோழி கேட்டதற்கு வருகிறேன். மனதோடு மனம் பேசுவதை டெலிபதி என்பார்கள். அந்தச் சொல்லை 1882இல் உருவாக்கியவர் ஃபிரடெரிக் மையர்ஸ் என்ற ஆங்கிலேயர். தொலைவு, உணர்வு என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்தார். 1930களில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ரைன் இதைச் சீட்டுகளை வைத்துச் சோதித்தார். ஐந்து விதக் குறிகள், மொத்தம் இருபத்தைந்து சீட்டு. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே சராசரியாக ஐந்து சரியாக வரும். அதைவிடக் கூடுதலாக வருகிறது என்றார் ரைன். மற்றவர்கள் கட்டுப்பாடாகச் செய்து பார்த்தபோது அப்படி வரவில்லை. அறிவியல் அதை ஏற்கவுமில்லை. ஆகவே, மனதோடு மனம் பேசுகிறது என்று எழுதிய அன்றைக்கே நீங்கள் மாயத்துக்குள் கால் வைத்துவிட்டீர்கள். விண்கலம் வந்ததால் அது விஞ்ஞானமாகிவிடாது, கிழவி வந்ததால் கெட்டும் போகாது. செத்துக் கிடந்த மூலன் என்ற இடையனைச் சுற்றிப் பசுக்கள் நின்று அழ, அவன் உடலுக்குள் புகுந்து எழுந்தவர் திருமூலர் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நம் வாசகர்கள். நம்புவார்கள். எதுவரை முடியும், எங்கே முடியாது என்பதில் மட்டும் நீங்கள் மாற்றி மாற்றிப் பேசக் கூடாது.

கதை சப்பென்று போவதும் அங்கேதான். ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து மல்லிக்கு ஊரில் எல்லார் மனதும் கேட்கிறது. வந்தவர்களுக்கும் எல்லாம் தெரிகிறது. அப்புறம் யார் எதைத் தேடுவார்கள்? மாமன் பொய் சொல்லி நிலத்தை எழுதி வாங்குகிற இடத்தில் எனக்குப் பயமே வரவில்லை. மல்லிக்குத்தான் முன்பே தெரியுமே.

ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானியரைப் பற்றிச் சொல்கிறேன். இளவயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரை தள்ளிவிட்டு, பீரங்கி வண்டி வருகிற வழியில் விழுந்தார். மயிரிழையில் பிழைத்தார். அவருக்கு ஏதோ ஆபத்து என்று எங்கோ தூரத்தில் இருந்த அக்காவுக்கு மனதில் பட, அன்றைக்கே அப்பாவிடமிருந்து நலம் கேட்டுத் தந்தி வந்தது. அது எப்படி நடந்தது என்று தேடியே மருத்துவரானார். 1924இல் மனித மூளையின் மின் அலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார், 1929இல் வெளியிட்டார். இன்று வலிப்பு வந்தவர்களுக்குத் தலையில் ஒயர் ஒட்டி இ.இ.ஜி. எடுக்கிறார்களே, அதன் தொடக்கம் இதுதான். தேடியது கடைசிவரை கிடைக்கவில்லை. நான் இதில் பிடித்துக்கொள்வது அந்த அக்காவை. தம்பி குதிரையிலிருந்து விழுந்தான் என்று அவருக்கு யாரும் வாக்கியமாகச் சொல்லவில்லை. பதற்றம் மட்டும் வந்தது.

உங்கள் வேற்றுக்கிரகத்தார் செந்தமிழில் பேசுகிறார்கள். அதை எடுத்துவிடுங்கள். நம் பக்கத்தில் மனதுக்குள் ஓடும் மொழி ஒன்று, வாயில் வருவது ஒன்று. என் மாமியார் தமிழ்தான் பேசுவார். கணக்குப் போடும்போதும் கோபம் வந்தாலும் தெலுங்குக்குப் போய்விடுவார். ஓசூர் பஸ்ஸில் தினமும் மூன்று மொழி கேட்கிற உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. மல்லியின் மனதிலிருந்து அவர்களுக்குப் போக வேண்டியது சொல்லுக்கு முன்னால் இருப்பது: பாறைச் சூடு, பசி, தொலைந்த குட்டியை நினைத்து வயிற்றைப் பிசைவது. அதை வைத்து அவர்கள் தப்பாகவும் புரிந்துகொள்ளட்டும்.

கல்திட்டை விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், மாற்றுங்கள். அந்தப் பலகைக் கற்களைத் தூக்கி நிறுத்தியவர்கள் இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள். செத்துப்போன தங்கள் மனிதர்களுக்காக அவ்வளவு பாடுபட்டார்கள். உங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172ஐச் சேர்ந்தது என்று 2022இல் அறிவித்தார்களே, நாலாயிரம் வருடத்துக்கு முன்பே இரும்பைப் பயன்படுத்தத் தெரிந்த ஊர் இது. அவர்கள் உழைப்பை வானத்திலிருந்து வந்தவர்களுக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உங்களுக்கும் வராது என்று நினைக்கிறேன். மாறாக, வந்தவர்கள் அந்தக் கல்லின் முன்னால் விழித்து நிற்கட்டும். ஒருவர் நினைவு எல்லாருக்குள்ளும் ஓடுகிற கூட்டம் அது. அவர்களில் யாரும் யாரையும் மறப்பதில்லை. மறந்துபோவோமோ என்று பயந்து கல் நட்டு வைக்கிறவர்களை அவர்கள் இதுவரை கண்டதே இல்லை. கிழவி அங்கே ராகிக்களி உருண்டையைப் படைத்துவிட்டு உட்காருகிற காட்சி உங்களிடமே இருக்கிறது. அவளுக்கு மந்திரம்கூட வேண்டாம், அந்தக் களி போதும்.

கடைசியாக, தூரம். சூரியனை விட்டால் நமக்கு அடுத்த நட்சத்திரம் பிராக்ஸிமா சென்டாரி, சுமார் 4.2 ஒளியாண்டு; அதாவது ஒளியே அங்கே போய்ச் சேர நாலு வருடத்துக்கு மேல் ஆகும். கல்லின் முன்னால் வந்து நிற்பதற்குப் பதில் இன்னொரு வழியும் உண்டு: மல்லியோடு பேசுபவர்கள் குன்றுக்கு வராமல் அங்கேயே இருக்கிறார்கள், மனதின் பேச்சும் ஒளியின் வேகத்தில்தான் போகும் என்று வைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் மல்லி ஒன்று கேட்டால் பதில் வரும்போது அவளுக்கு இருபது தாண்டியிருக்கும். ஆடுகளை விற்றிருப்பார்கள். கல்யாணம் பேசியிருப்பார்கள். அவளே ஓசூரில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருக்கலாம். அப்போது, தான் கேட்டதையே மறந்துபோன ஒரு கேள்விக்குப் பதில் வந்து சேர்கிறது.

அந்தக் கேள்வி என்ன என்று உங்களுக்குத்தான் தெரியும். மற்ற அத்தியாயங்களை இப்போது தொட வேண்டாம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் எழுதி எனக்கு அனுப்புங்கள்.