கொம்பியூட்டர் கேள்வி – பதில்: திரையில் புள்ளி விழுந்தால் கார்ட் போய்விட்டதா?

இம்முறை கிராபிக்ஸ் கார்ட் பற்றிய கடிதங்களுக்கு மட்டும் பதில்.

கேள்வி: எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்ட், பெயர் தெரியாத 500 வாட்ஸ் பவர் சப்ளை. கலியாண வீட்டு வீடியோ எடிட் செய்கிறேன். ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்குவது) போட்டால் திரையில் பச்சைப் புள்ளிகள் விழுகின்றன. சில நேரம் திரை கறுத்துவிட்டுத் திரும்ப வருகிறது. சில நேரம் கொம்பியூட்டரே நின்று றீஸ்டார்ட் ஆகிறது. "கார்ட் போயிட்டுது, மாத்துங்கோ" என்று கடையில் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– சுன்னாகம் வாசகர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பது மூன்று நோய். கடைக்காரர் ஒரே மருந்து சொல்லியிருக்கிறார். புள்ளி விழுவது பெரும்பாலும் கார்ட்டின் நினைவகச் சிப்பில் வரும் கோளாறு. திரை கறுத்துத் திரும்புவது, கார்ட் பதில் சொல்லாமல் நின்றதால் விண்டோஸ் அதன் டிரைவரை (கார்ட்டை இயக்கும் மென்பொருளை) மீண்டும் எழுப்பியது. விண்டோஸ் 2 செக்கன்தான் பொறுக்கும். முழுக் கொம்பியூட்டரும் விழுந்து எழும்புவதென்றால் முதல் சந்தேகம் பவர் சப்ளையில். மூன்றும் ஒரே காரணத்தால் வரலாம், வராமலும் இருக்கலாம்.

புள்ளியிலிருந்து தொடங்குவோம். புள்ளி தெரியும் நேரத்திலேயே பிரின்ட் ஸ்க்ரீன் எடுத்து, அந்தப் படத்தை உங்கள் கைத்தொலைபேசிக்கு மாற்றித் திறந்து பாருங்கள். படத்திலும் புள்ளி இருந்தால் பிழை கார்ட்டுக்குள்ளே, அல்லது டிரைவரில். படம் சுத்தமாக இருந்தால் மொனிட்டர், வயர், அல்லது கார்ட்டின் பின்பக்கத் துவாரம். 1,500 ரூபா வயருக்காகக் கார்ட்டை மாற்றினவர்கள் உண்டு. பிறகு கொம்பியூட்டரைப் போட்டவுடன் பயாஸ் (அடிப்படை மென்பொருள்) பக்கத்துக்குள் போங்கள். விண்டோஸ் ஏறாத அந்தப் பக்கத்திலும் கோடும் சதுரமும் தெரிந்தால் டிரைவரில் பழி போட முடியாது.

அடுத்தது செலவில்லாத சோதனை. உங்கள் ஐ5இன் மாதிரி இலக்கத்தின் முடிவில் எஃப் என்ற எழுத்து இல்லையென்றால் அதற்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. கார்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மொனிட்டர் வயரை மதர்போர்ட்டில் செருகி இரண்டு நாள் வேலை செய்யுங்கள். கார்ட் இல்லாமலும் றீஸ்டார்ட் ஆனால் கார்ட் குற்றவாளி அல்ல. ஆகாவிட்டால் கார்ட் அல்லது பவர் சப்ளை, இரண்டில் ஒன்று.

கழற்றும்போது சுவர் பிளக்கை உருவிவிட்டு, பவர் பட்டனை 10 செக்கன் அழுத்திப் பிடித்து மிச்ச மின்னை இறக்குங்கள். ஸ்லொட்டின் முனையில் உள்ள பிளாஸ்டிக் கொளுக்கியை அழுத்தாமல் இழுத்தால் ஸ்லொட்டே பிய்ந்து வரும். கார்ட்டின் தங்க விளிம்பு கறுத்திருந்தால் ஐசோபுரோபைல் அல்கஹோலில் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்தபின் செருகுங்கள். மேலே உள்ள 6 ஊசி பவர் வயரையும் ஒருமுறை கழற்றிப் பூட்டுங்கள். அதன் பிளாஸ்டிக் உருகி மஞ்சளாகியிருந்தால் பாதி விடை கையில் வந்துவிட்டது.

பிறகு டிரைவர். இணையத்தைத் துண்டித்து, சேஃப் மோட்டில் (விண்டோஸ் மிகக் குறைந்த டிரைவர்களோடு ஏறும் முறையில்) போய், 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டோலர்' என்ற இலவச மென்பொருளால் பழையதை முழுதாகத் துடைத்து, முன்கூட்டியே இறக்கிவைத்த என்விடியா டிரைவரைப் போடுங்கள். இணையம் இருந்தால் நீங்கள் துடைக்கத் துடைக்க விண்டோஸ் தானாக ஒன்றைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

இனி விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான 'ஈவன்ட் வியூவர்'. திரை கறுத்த நேரத்துக்கு நேரே 4101 என்ற இலக்கம் இருந்தால் டிரைவர் விழுந்து எழும்பியது உறுதி. றீஸ்டார்ட் ஆன நேரத்துக்கு 'கேர்னல் பவர் 41' இருக்கும். அது "ஒழுங்காக மூடாமல் நின்றுவிட்டேன்" என்று மட்டும்தான் சொல்லும், காரணம் சொல்லாது.

காரணத்தைப் பிடிக்க, கார்ட்டின் வேகத்தையும் மின் அளவையும் மாற்றும் 'எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர்' மென்பொருள் போதும். முதலில் பவர் லிமிட்டை 70 வீதத்துக்கு இறக்கி அதே ரெண்டரைப் போடுங்கள். றீஸ்டார்ட் நின்றுவிட்டால் பவர் சப்ளை சுமை தாங்கவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். அதைப் பழையபடி வைத்துவிட்டு மெமரி வேகத்தை 300, 400 மெகாஹேர்ட்ஸ் குறையுங்கள். புள்ளி மறைந்தால் நினைவகச் சிப் ஒன்று தளர்ந்துவிட்டது. உறுதிப்படுத்த 'ஓசிசிடி' என்ற சோதனை மென்பொருளில் உள்ள வீராம் (கார்ட்டின் நினைவகம்) சோதனையை ஓட்டுங்கள். அதில் பிழை எண்ணிக்கை பூச்சியமாக இருக்க வேண்டும், "ஒன்றிரண்டுதானே" என்பது இங்கே செல்லாது. கார்ட்டுக்கு முழுச் சுமை கொடுக்கும் 'ஃபேர்மார்க்' போடுவதென்றால் 10 நிமிடம் போதும், வெப்பம் 90 பாகையைத் தாண்டினால் நிறுத்துங்கள். அந்த நேரம் மல்டிமீட்டரால் பழைய 4 ஊசிப் பிளக்கின் மஞ்சள் – கறுப்பு வயர்களை அளந்தால் 11.4 முதல் 12.6 வோல்ற்றுக்குள் நிற்க வேண்டும். மென்பொருள் காட்டும் வோல்ற்றளவை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

யூபிஎஸ்ஸையும் மறக்க வேண்டாம். 650 விஏ என்று எழுதியிருக்கும் சிறிய யூபிஎஸ் உண்மையில் தருவது 360 வாட்ஸ் அளவுதான். பின்னேரம் வோல்ற்றளவு இறங்கி அது பற்றரிக்கு மாறும் கணத்தில், ரெண்டர் சுமையோடு இருக்கும் கொம்பியூட்டர் விழுந்துவிடும். றீஸ்டார்ட் ஆகும்போது யூபிஎஸ் 'டிக்' என்கிறதா என்று காது கொடுங்கள்.

கார்ட்தான் என்று முடிவானால்: 1060இல் நினைவகச் சிப் மாற்றலாம், ஆனால் அதற்குக் காசு கொட்டுவது எங்கள் பார்வையில் புத்தியல்ல. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய வசதிகளோடு டிரைவர் வருவது 2025 ஒக்டோபரோடு நின்றது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும். வாங்குவதை உங்கள் கமராவைப் பார்த்துத் தீர்மானியுங்கள். 4:2:2 10 பிட் எச்.265 (நிற விவரம் கூடிய வீடியோ வகை) எடுக்கும் கமரா என்றால் என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான் அதை நேரடியாகப் பிரிக்கும். ஆர்டிஎக்ஸ் 5060 (145 வாட்ஸ், 8 ஜிபி) பாருங்கள். சாதாரண 4:2:0 தான் என்றால் ஆர்டிஎக்ஸ் 3060இன் 12 ஜிபி வகை (170 வாட்ஸ்) உங்கள் மதர்போர்ட்டுக்கு இன்னும் பொருத்தம். அது ஸ்லொட்டின் 16 தரவுப் பாதையும் பயன்படுத்தும், 5060 எட்டுத்தான். உங்கள் பழைய பிசிஐ 3 ஸ்லொட்டில் கார்ட்டின் நினைவகம் நிரம்பி வழியும்போது அந்த வித்தியாசம் தெரியும். எதை வாங்கினாலும் அந்தப் பெயரில்லாப் பவர் சப்ளையில் அதைச் செருகாதீர்கள். பெயர் தெரிந்த 550 வாட்ஸ், 80 பிளஸ் பிரொன்ஸ் (மின்சிக்கனத் தரம்) ஒன்றுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள்.

கேள்வி: செத்த கார்ட்டைக் கேக் அவனில் வைத்துச் சூடாக்கினால் உயிர் வருமாமே?
– மானிப்பாய் வாசகர்

பதில்: வரும், சில நாளுக்கு. ஈயமில்லாத பற்றாசு உருக 217 பாகை வேண்டும். 200இல் வைத்தால் பற்றாசு உருகாது. சிப்பின் அடியில் விட்டுப்போன தொடுப்பு சூட்டில் விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், அவ்வளவே. அதற்குள் கப்பாசிற்றர்களும் பிளாஸ்டிக் பிளக்குகளும் கெட்டுவிடும். அந்தப் புகை படிந்த அவனில் பிறகு கேக் வேறு சுடப்போகிறீர்கள். வேண்டாம்.

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். பாவித்த அலுவலகக் கொம்பியூட்டர் ஒன்று வாங்கித் தந்தார்கள். ஒடுக்கமான சிறிய பெட்டி, ஐ5 6500. பிளெண்டர் (முப்பரிமாணப் பட மென்பொருள்) பழகவும் கொஞ்சம் கேம் விளையாடவும் எந்தக் கார்ட் போடலாம்? மொனிட்டர் பழைய விஜிஏ.
– கோப்பாய் மாணவர்

பதில்: தம்பி, எந்தக் கார்ட் வேகம் என்று பார்க்க முன்னம் பெட்டியைத் திறந்து அளந்து பாரும். ஒடுக்கமான பெட்டிக்குள் அரை உயரக் கார்ட்தான் போகும், பின்தகடும் குட்டையாக இருக்க வேண்டும். சில கார்ட்டுகளுக்குக் குட்டைத் தகடு பெட்டிக்குள்ளேயே வரும், சிலதுக்கு வராது. கடையில் திறந்து காட்டச் சொல்லும். பக்கத்து ஸ்லொட் காலியாக இருக்கிறதா, எத்தனை சென்ரிமீற்றர் நீளம் போகும் என்பதையும் குறித்துக்கொண்டு போம்.

பவர் சப்ளையின் ஸ்டிக்கரில் 240 வாட்ஸ் இருந்தால் நல்லது. உம்முடைய சிபியூ 65, கார்ட் 70, மிச்சத்துக்கு 40 என்று வைத்தால் 175. 180 வாட்ஸ் பெட்டி என்றால் இடுக்குத்தான். இவற்றின் பவர் சப்ளைக்குக் கடையில் கிடைக்கும் சாதாரண வகை பெரும்பாலும் பொருந்தாது, பிளக்கும் அளவும் வேறு. ஆகவே ஸ்லொட்டே கொடுக்கும் 75 வாட்ஸுக்குள் அடங்கும், தனி வயர் கேட்காத கார்ட் வேண்டும்.

அப்படியானவற்றில் எங்கள் தெரிவு ஆர்டிஎக்ஸ் 3050இன் 6 ஜிபி, அரை உயர வகை. 70 வாட்ஸ், பிளெண்டரில் ஆப்டிக்ஸ் (என்விடியாவின் வேக ரெண்டர் வசதி) வேலை செய்யும். 8 ஜிபி 3050ஐ மாறி வாங்கிவிடாதேயும்; அது 130 வாட்ஸ். பட்ஜெட் காணாவிட்டால் அரை உயர ஜிடிஎக்ஸ் 1650. ஆர்எக்ஸ் 6400ஐத் தள்ளியிரும். அதற்கு 4 பாதைதான், உம்முடைய பழைய ஸ்லொட்டில் மூச்சு வாங்கும், வீடியோ பதிவுசெய்யும் பகுதியும் அதற்குள் இல்லை. இன்ரெல் ஆர்க் ஏ380க்கு 'ரீசைசபிள் பார்' (சிபியூ கார்ட்டின் நினைவகம் முழுதையும் ஒரேயடியாக அணுகும் வசதி) வேண்டும், ஆறாம் தலைமுறைப் பெட்டியில் அதை எதிர்பார்க்காதேயும்.

இக்கால கார்ட்டுகளில் விஜிஏ துவாரம் கிடையாது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்கு மாற்றும், உள்ளே சிப் உள்ள மாற்றி வாங்க வேண்டும். வெறும் வயர் வேலை செய்யாது. பயாஸைப் புதுப்பித்து, யூஈஎஃப்ஐ (பயாஸின் புதிய வகை) முறையில் வைத்த பிறகு கார்ட்டைப் போடும். இல்லாவிட்டால் சிலவேளை திரை இருட்டாகவே நிற்கும், கார்ட் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொண்டு போவீர்.

கேள்வி: "ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி, புதுசு" என்று மலிவாக ஒன்று கிடைக்கிறது. பெட்டியில் கம்பனிப் பெயர் இல்லை. விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூன்றும் இருக்கிறது. வாங்கலாமா?
– பருத்தித்துறை வாசகர்

பதில்: விஜிஏ துவாரமே காட்டிக்கொடுத்துவிட்டது. 1050 டிஐயின் சிப் பழைய அனலொக் சைகையை வெளியே அனுப்பாது. இது 2011இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற பழைய சிப்பின் பயாஸை மாற்றி எழுதியதாக இருக்கும். விண்டோஸ் அதற்கு 4 ஜிபி என்று காட்டும், கேம் திறந்தவுடன் விழும். 'ஜிபியூ-சி' என்ற சிறிய மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டு போய்க் கடையிலேயே ஓட்டுங்கள். இப்படியான போலிகளை அது பெயருக்கு முன்னாலேயே போலி என்று எழுதிக் காட்டும். ஆர்எக்ஸ் 580 வாங்குபவர்களும் அதே இடத்தில் ஷேடர் (சிப்புக்குள் கணக்குப் பார்க்கும் சிறு அலகு) எண்ணிக்கையைப் பாருங்கள். 2304 இருக்க வேண்டும்; 2048 என்றால் குறைந்த வகை, விலையும் குறைய வேண்டும்.

கேள்வி: ஆர்எக்ஸ் 6600, மூன்று வருடம். வெப்பம் 72 என்று காட்டுகிறது, ஆனால் 'ஹொட்ஸ்பொட்' 104. விசிறி இரைச்சல். வீடு கடலுக்குக் கிட்ட.
– காரைநகர் வாசகர்

பதில்: சிப்பின் பொது வெப்பத்துக்கும் 'ஹொட்ஸ்பொட்' எனும் அதன் மிகச் சூடான இடத்துக்கும் இடையில் 10 முதல் 20 பாகை வித்தியாசம் வழமை. உங்களுக்கு 32. சிப்புக்கும் வெப்பக்கவசத்துக்கும் நடுவில் உள்ள பேஸ்ட் காய்ந்து ஒதுங்கிவிட்டது. 110இல் கார்ட் தானாக வேகத்தைக் குறைக்கும், அதுவரை காத்திருக்க வேண்டாம்.

உத்தரவாதம் முடிந்துவிட்டதா என்று ரசீதைப் பாருங்கள். இங்கே பல ரசீதுகளில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்று சிறிய எழுத்தில் இருக்கும். முடிந்திருந்தால் திறக்கலாம். சிப்பைச் சுற்றியுள்ள நான்கு ஸ்பிரிங் ஆணிகளை மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கவசத்தைத் தூக்கியதும் இழுக்காதீர்கள், விசிறி வயர் உள்ளே செருகியிருக்கும். பழைய பேஸ்டைத் துடைத்து, சிப் முழுதும் மூடும்படி மெல்லப் பூசுங்கள். சிபியூவுக்குப்போல நடுவில் ஒரு பொட்டு வைத்து விட்டால் மூலைகள் வெறுமையாகிவிடும். நினைவகத்தின் மேல் உள்ள வெப்பப் பஞ்சு கிழியாவிட்டால் அதையே விட்டுவிடுங்கள். மாற்றுவதென்றால் பழையதன் தடிப்பை அளந்து அதே அளவு வாங்குங்கள். 1 மில்லிமீற்றர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால் கவசம் தூக்கி நிற்கும், சிப் முன்னையிலும் கூடச் சுடும்.

உப்புக்காற்றுக்கு: ஆணித்தலை, துவாரங்களில் பச்சை பூத்திருந்தால் அல்கஹோலால் துடையுங்கள், ஈரத்துணி வேண்டாம். ஊதியால் தூசு ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது தறிகெட்டுச் சுழன்று பெயரிங் போகும். பெட்டியை யன்னலுக்கு நேரே வைத்திருந்தால் இடத்தை மாற்றுங்கள்.

கேள்வி: நல்லூர்த் திருவிழாவுக்கு வரும் மாமா கனடாவிலிருந்து கார்ட் கொண்டுவருவார். இங்கே வேலை செய்யுமா?
– கொக்குவில் வாசகர்

பதில்: செய்யும். கார்ட் எடுப்பது பவர் சப்ளையிலிருந்து 12 வோல்ற், அங்கத்தைய 120க்கும் இங்கத்தைய 230க்கும் அதில் வேலையில்லை. உத்தரவாதம்தான் சிக்கல், பழுதானால் பெரும்பாலும் வாங்கிய நாட்டிலேயே கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே ரசீதையும் பெட்டியையும் எறியாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். வந்த அன்றே போட்டு, ஒவ்வொரு துவாரத்திலும் மொனிட்டரைச் செருகிப் பார்த்து, ஓசிசிடியை ஒரு மணித்தியாலம் ஓட்டிவிடுங்கள். பிழை காட்டினால் மாமா திரும்பிப் போகும்போது கார்ட்டும் அவரோடு போகட்டும்.